மீன் கடிக்காத நாட்கள்

"அக்கா, இந்த மாசம் ஆறு நாள்தான் தூண்டில் போட்டீங்களா?" என்று ஷெரோமி கேட்டாள்.

"அதென்ன ஆறு? பதினாலு நாள் போயிருப்பேனே மிஸ்," என்றாள் அம்மாக்கண்ணு.

"மத்த நாளுக்குத் தாள் இல்லையே?"

"மீனு கடிக்காத நாளைக்கு என்னத்த எழுதுறது?"

"சைபர்னு போடணும்க்கா."

"நல்லாருக்கு கதை! இருவத்தாறு வருசமா கொழுந்து மலையில நான் அரைப்பேர் வாங்குனதில்ல. டேம்ல போயி சைபர் வாங்கணுமாக்கும்? கூடத் தூண்டில் போடுற அந்த அழகுமுத்து கேட்டான்னா லயத்துல வீடு வீடாப் போயிச் சொல்லிச் சிரிப்பான்."

ஷெரோமியும் சிரித்துவிட்டுத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டாள். ஒருவரை எதிர்த்துப் பேச அவளுக்கு என்றுமே வாய் வந்ததில்லை.

அம்மாக்கண்ணு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். நிறை குறைந்தால் அன்றைய வேலையைப் பாதி நாளாகப் பதிவதுதான் அரைப்பேர். அந்த அவமானத்தை அவள் அண்டவிட்டதில்லை. வேலை முடிந்ததும் தூண்டிலோடு நீர்த்தேக்கக் கரைக்கு இறங்கிவிடுவாள். மீன்கள் ஒதுங்கிப் பெருகட்டுமென்று அங்கே சிமெந்துக் குழாய்களை மூழ்கடித்து ஒரு செயற்கைப் பாறைத்திட்டு அமைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வலை போடத் தடை. அவளோடு சேர்த்து எட்டுப் பேர், கூலி வாங்காமல், பிடித்த மீனை அளந்து எழுதிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். அந்தத் தாள்களைச் சிங்களத்தில் பெயர்த்து மீன்வள அலுவலகத்துக்கு அனுப்புவது ஷெரோமியின் வேலை. அவற்றைப் பார்த்துத்தான் தடையை நீட்டுவதா என்று அலுவலகம் முடிவெடுக்கும்.

அந்த வருடம் மீன் அருகிக்கொண்டே வந்தது. கரையில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும். தாள்களில் மட்டும் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பிய நாட்களை எட்டுப் பேருமே விட்டுவிட்டிருந்ததால், போன நாளெல்லாம் மீன் கிடைத்ததாகவே தாள்கள் காட்டின. மீன் பெருகிவிட்டது, தை மாதத்திலிருந்து வலை போடலாம் என்று அலுவலகம் முடிவெடுத்தது.

செய்தி வந்த அன்று அம்மாக்கண்ணு கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஷெரோமியின் வீட்டுக்கு வந்தாள். கடிக்காத நாட்களைச் சொன்னாள். தேதியால் அல்ல, அன்றன்று நடந்ததை வைத்து.

"மூணாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்தமே, அன்னைக்கு இல்ல. கூடக் கொழுந்தெடுக்குற மீனம்மா தண்ணிக் கான்ல வழுக்கி விழுந்தாளே, அன்னைக்கும் இல்ல."

முப்பத்தொரு நாள் சேர்ந்தது. ஞாபகத்திலிருந்து சொல்வதை அலுவலகம் ஏற்குமா என்று ஷெரோமிக்குத் தெரியவில்லை.

"நான் அன்னைக்கே வற்புறுத்தியிருக்கணும்க்கா."

"நீங்க சொன்னீங்கதானே. நாந்தான் கேக்கல."

அம்மாக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சிங்களம் பேசத்தான் வரும், எழுத வராது. நீங்க ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க மிஸ். மீனு இல்லாத நாளெல்லாம் இந்தப் பொம்பள வெக்கப்பட்டு மறைச்சுட்டான்னு, எம்பேரப் போட்டே எழுதுங்க. மத்த ஏழு பேர இழுக்காதீங்க."