புகைபோக்கியில் நல்லெண்ணெய்

ஏற்காட்டில் எங்கள் லாட்ஜின் எலக்ட்ரீஷியன் ஐயாக்கண்ணு, கரடியூர்க்காரர். கெய்சர் ஓடவில்லை என்று ரிசப்ஷனிலிருந்து நான் போன் செய்தால் ஆடி அசைந்து அரை மணி நேரம் கழித்து வருவார். சாப்பாட்டு அறையில் சுவரோரமாகச் சுற்றும் பொம்மை ரயில் நின்றுவிட்டால் மட்டும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடிவருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓனர் ஹரிஹரன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ரயில் அது. எஞ்சின் ஒரு முழ நீளம், நிஜமாகவே புகை விடும். புகைபோக்கிக்குள் சின்னக் குழாய், அதற்குள் ஒரு திரி, திரியைச் சுற்றித் தலைமுடி போலக் கம்பி. கம்பி சூடானால், திரியில் ஊறிய எண்ணெய் புகையாக வரும். அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. "அஞ்சே சொட்டுங்க. கொறஞ்சா திரி கருகிப்போகும், கூடுனா பொகையே வராதுங்க" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

போன ஆயுத பூஜைக்கு எஞ்சினைத் திறந்து துடைத்தவர், மேல்மூடியைப் போடாமல் சாமி முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் மனைவி பழனியம்மாளுக்கு எங்கள் சமையல்கட்டில் வேலை. கிரைண்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே எஞ்சினிடம் வந்தார்.

"திரி காஞ்சு கெடந்துச்சுங்க. அவரு உசுரா வெச்சிருக்கற வண்டியாச்சே, நல்லெண்ணெய் ஊத்தி வெச்சனுங்க" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். என் மரமண்டைக்கும் அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் ரயிலை ஓட்டியதும் சாப்பாட்டு அறை முழுக்க எண்ணெய்க் காந்தல். அதோடு புகையும் நின்றது. ஐயாக்கண்ணு திறந்து பார்த்தால், எண்ணெய் பிசினாக இறுகி, கம்பி அறுந்திருந்தது. பழனியம்மாள் ஊற்றியதை அவர் காதில் போட்டேன்.

"யாருய்யா இதுல நல்லெண்ணெய் ஊத்துனது?" என்று கத்தினார் ஹரிஹரன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள பொகை வரலேன்னா தண்டவாளத்தப் பேத்துட்டு ரெண்டு மேஜை போட்டுருவேன்."

"நாந்தானுங்க" என்றார் ஐயாக்கண்ணு. வாயைத் திறக்கப்போன என்னை ஒரு முறை முறைத்தார். சமையல்கட்டில் கிரைண்டர் ஓடிய சத்தத்தில் பழனியம்மாளுக்கு இது எதுவும் கேட்கவில்லை.

சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி மெல்லிய ஹீட்டர் கம்பி ஒரு சாண் கொண்டுவந்தார். முதல் தடவை சுற்றியது குழாயின் தகரத்தில் பட்டு, ஷார்ட் ஆகி அறுந்தது. மிச்சம் இருந்தது இன்னொரு தடவைக்குத்தான் வரும். பழைய அயர்ன் பாக்ஸிலிருந்து ஒயரின் சூடு தாங்கும் உறையை உரித்து, தகரத்தில் படாமல் கம்பியின் முனைகளை அதற்குள் நுழைத்து, புதுத் திரியில் சுற்றி முடித்தார். இரண்டு நாளாக அந்த மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லை.

ஞாயிறு காலை டிபன் நேரம். ஐந்து சொட்டு விட்டு சுவிட்சைப் போட்டார். ஒரு சுற்று வந்தது, புகை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சாமி கும்பிட்டேன். இரண்டாவது சுற்றில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது.

"சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஹரிஹரன். "ஆனா இனிமே இதுல நல்லெண்ணெய் ஊத்தற வேலை வெச்சுக்காத, ஐயாக்கண்ணு."

இட்லித் தட்டோடு வந்த பழனியம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. ஓனர் நகரும்வரை அப்படியே நின்றார்.

"ஏனுங்க, அப்ப நான் ஊத்துனதாலயா கெட்டுப்போச்சு?"

"தெறந்து வெச்சுட்டுப் போனது நாந்தான புள்ள" என்றார் ஐயாக்கண்ணு, எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பழனியம்மாள் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வருசமாச்சும் மூடி வெய்யுங்க" என்று அதட்டிவிட்டு உள்ளே போனார்.