இத்தாலி பஸ்ல அப்பா போட்ட துண்டு

நேத்து இத்தாலி மலைல, டூர் பஸ்ல, எங்க அப்பா துண்டு போட்டு சீட் புடிச்சாரு.

ஆமா, சரியாத்தான் படிச்சீங்க.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்மாவும் அப்பாவும் சிதம்பரத்துல இருந்து வெரோனாவுக்கு, எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. மார்கழி தரிசனத்துக்கு ஊரு உலகமே சிதம்பரத்துக்கு வர்ற நேரத்துல, கீழவீதிக்காரங்க ரெண்டு பேரு மட்டும் எதிர்த் திசைல கெளம்பிட்டாங்க!

காரணம் ஒண்ணே ஒண்ணு. அம்மாவுக்கு பனி பாக்கணும்.

இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. அம்மாவுக்கு பஸ்னா வாந்தி. பக்கத்துல இருக்கற புவனகிரிக்குப் போகவே பையில எலுமிச்சம்பழம் வேணும். கடலூர்ல கல்யாணம்னா ரயில்லதான் போவாங்க. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எதுவும் பாத்ததில்ல. அவுங்க போன்ல, "ஒரு தடவ பனிய கண்ணால பாத்துடணும்டி"ன்னு கேட்டாங்க. எங்கிட்ட எதுவுமே கேக்காத மனுஷி. விட முடியுமா?

மலை ஊருங்களுக்கு ஒரு டே ட்ரிப் புக் பண்ணேன்.

முன் சீட் கெடச்சா அம்மா தாங்கிடுவாங்க. அத நான் பாத்துக்கறேன்னாரு அப்பா. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு எறிஞ்சு சீட் புடிச்ச கை அது. இங்க ஜன்னல் தொறக்காது (அந்த ஒரு கொறதான் அவருக்கு). கதவு தொறந்த உடனே உள்ள பூந்துட்டாரு. க்யூவுல நின்னவங்க மரியாதையா வழிவிட்டாங்கன்னு இன்னமும் நம்பறாரு.

மொத ஊரு போல்சானோ. கிறிஸ்துமஸ் சந்தை. துண்ட சீட்ல போட்டுட்டு எறங்குனாரு. திரும்பி வந்தா துண்டும் சீட்டும் அப்படியே இருக்கு. அப்பா என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க!

அடுத்து ஒர்டிசேய். கடைக்குக் கடை மரப் பொம்மை. தெருவெல்லாம் பனிச்சறுக்கு பலகை தூக்கிட்டுப் போற ஜனங்க. பனியத்தான் காணோம்! ஊருக்குள்ள இன்னும் வுழலயாம். சரிவுல ஒரு பட்டைக்கு மட்டும் மிஷின் வெச்சு செயற்கைப் பனி அடிச்சிருந்தாங்க. சுண்ணாம்பு கொட்டுன மாதிரி இருக்குடின்னாங்க அம்மா.

கைடு பொண்ணு சமாதானம் சொல்லிச்சு. மேல கணவாய்ல நெஜப் பனி ஜாஸ்தியாவே இருக்கு, ஆனா பஸ் அங்க நிக்காது, கண்ணாடி வழியாதான் பாக்கணும்னு.

அதுக்குத்தான முன் சீட்! தெம்பா பஸ்ஸுக்கு வந்தோம்.

முன் சீட்ல ஒரு இத்தாலிக்கார அம்மா, பக்கத்துல நின்னுக்கிட்டு அவுங்க வீட்டுக்காரரு. துண்டு கைடு கையில.

அந்தப் பொண்ணு துண்ட விரிச்சுத் தூக்கிப் புடிச்சு, யாரோ இத மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு மைக்ல சொல்லுது. மொத்த பஸ்ஸும் பாக்குது. எறங்கி நடந்தே வெரோனா போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அப்பா கையத் தூக்குனாரு. "மறக்கலன்னு சொல்லும்மா. துண்டு கெடந்தா ஆளு வருதுன்னு அர்த்தம். இது கூடவா தெரியாது இவுங்களுக்கு?"

மொழிபெயர்த்தேன் (கடைசி வரிய விட்டுட்டுத்தான்). இங்க அப்படியெல்லாம் சீட் புடிச்சு வைக்கறதில்லன்னு கைடு சிரிச்சுச்சு. அந்த இத்தாலி அம்மா எழுந்திருக்கல. வயித்தத் தொட்டு, வாய்கிட்ட கையக் கொண்டு போயி, வளைவு வளைவா காத்துல ஒரு கோடு போட்டுக் காட்டுனாங்க. அப்புறம் பையத் தொறந்தாங்க.

உள்ள எலுமிச்சம்பழம்.

"ஐயோ பாவம், நம்ம கேஸுடி"ன்னு அம்மா அவுங்க பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. அப்பாவும் அந்தம்மா வீட்டுக்காரரும் கடைசி வரிசைக்கு நடந்தாங்க.

அப்புறம் கொண்டை ஊசி வளைவுங்க. அப்புறம் கணவாய்.

பனி! ரோட்டோட ரெண்டு பக்கமும் ஆள் ஒசரத்துக்கு. பாறை, மரம், போஸ்ட் கம்பம் எல்லாம் வெள்ள. அத்தன பேரும் போனத் தூக்கிட்டாங்க. நானும் வீடியோ எடுத்துக்கிட்டே இருந்தேன். அம்மா இத பாக்கறாங்கன்னு நெனச்சப்ப அழுகையே வந்துடுச்சு.

கணவாய்க்கு அந்தப் பக்கம் கனாசேய்ங்கற ஊர்ல எறங்குனதும் ஓடிப் போயி கேட்டேன், பனி எப்படிம்மா இருந்துச்சுன்னு.

"யாரு பாத்தா? மொத வளைவுலயே கையப் புடிச்சிக்கிட்டு ரெண்டு பேரும் கண்ண மூடிட்டோம். தொறந்தா வாந்தி வராது?"

பஸ்லயே பெரிய கண்ணாடி அவுங்க முன்னாடிதான் இருந்துச்சு, மக்களே.

அம்மாவுக்கு வருத்தமே இல்ல. வாந்தி எடுக்கலன்னு ஒரே பெருமை. எனக்குத்தான் மனசு ஆறல. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சோபால உக்கார வெச்சு, வீடியோவ டிவில பெருசா போட்டேன்.

பனி வந்துச்சு. அம்மா கண்ண அகலத் தொறந்தாங்க. "அடியே, எம்மாம் வெள்ள!"

அப்ப ஒரு வளைவு வந்துச்சு. டிவில மலை மொத்தமும் சாஞ்சு திரும்புச்சு.

அம்மா வாயப் பொத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடிட்டாங்க.

நேர் ரோட்டுல, ஆடாம அசையாம எடுத்த பனி வீடியோ யார்கிட்டயாவது இருக்கா?