வடக்கே தலை வைக்காத வீல் அலைன்மென்ட்

எங்கள் பழைய அம்பாசடர் நேர்ரோட்டிலும் நேராகப் போகாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இடமும் வலமுமாக அலையும். ஒருநாள் லாரி ஒன்றை உரசப் பார்த்ததிலிருந்து, மனைவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அதில் வருவாள். கடைசியில் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை கொட்டாம்பட்டிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறோம். அதுக்குள்ள சரியாகலன்னா நான் பஸ்ல போறேன். நீங்க வண்டிய வித்துருங்க." அவள் பள்ளிக்கூட டீச்சர். சொன்னால் சொன்னதுதான்.

அலைன்மென்ட் கடையில், "இந்த மாடல் எங்க கம்ப்யூட்டர்ல இல்ல சார்" என்றார்கள். வந்த கோபத்தில், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டேன். துணைக்கு, சிம்மக்கல்லில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பாய் வந்தார். பழைய கார் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். இடுப்பு வலிக்காரர் என்பதால் டேப் பிடிப்பதும் யோசனை சொல்வதும் அவர் பங்கு.

வேலை என்னவோ சின்னதுதான். முன்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம், பின்விளிம்பைவிட முன்விளிம்பில் ஒரு நூல் அளவு குறைவாக இருக்க வேண்டும். எங்கள் காரில் தலைகீழாக இருந்தது. அடியில் இருபக்கமும் உள்ள கம்பிகளைச் சமமாகத் திருகினால் சரியாகிவிடும்.

வந்தது வம்பு. எங்கள் வீடு சந்துக்குள். கார் மேற்கு பார்த்து, மூக்கு எதிர்ச்சுவரை ஒட்டித்தான் நிற்கும். இடது கம்பியைப் பிடிக்க இடப்பக்கமாக அடியில் நுழைந்தால் தலை வடக்கே போகும். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஆனாலும் வடக்கே தலை வைத்து, அதுவும் ஒரு டன் இரும்புக்கு அடியில் படுக்க மனம் வரவில்லை.

"வேணாம் மாப்ள" என்றார் பாய், என்னைவிடக் கவலையாக. "எங்க வீட்லயும் தொழுகுற திசைன்னு மேற்க கால் நீட்ட மாட்டோம். இதெல்லாம் வெளையாட்டு இல்ல. அம்புட்டையும் வலது பக்கத்துலயே திருகிருங்க."

திருகினேன். அளவு கச்சிதமாக வந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஞாயிறன்று மேலூர் ரோட்டில் கார் கோடு போட்ட மாதிரி ஓடியது. ஸ்டீயரிங் மட்டும் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. ஒரே பக்கம் திருகியதன் பலன்.

"ஏங்க, ஸ்டீயரிங் ஏன் கோணலா இருக்கு?"

"வண்டி நேரா போகுதா இல்லியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இனி வண்டியை விற்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

மேலூர் தாண்டி ரோடு காலியாக இருந்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். கார் இம்மி பிசகவில்லை. "இப்பப் பாரு" என்று பெருமையாகத் திரும்பினேன்.

வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் காரில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கைகளை மறுபடி ஸ்டீயரிங்கில் வைத்து, கொட்டாம்பட்டி வரை ஹாரனே அடிக்காமல் ஓட்டினேன்.