ஜப்பான் காதலர்களின் மறதி நோய்

நான் ஒரு மடையன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்களாகக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லும் சிரமம் மிச்சம். அந்த மடத்தனத்துக்கு ஒரு வாசனைகூட உண்டு. அடுப்பில் கிண்டிய மைதா மாவில் துளி மயில்துத்தம் போட்டு ஆறவைத்தால் வருமே ஒரு புளித்த வாசனை, அதுதான். எங்கள் வீட்டில் எந்தப் புத்தகம் உள்ளே நுழைந்தாலும் அதற்குக் காக்கி அட்டை போட்டு, அட்டையின் மடிப்பை உள்பக்கத்தோடு சேர்த்து அந்தப் பசையால் ஒட்டி, மேலே ‘லேபிள்’ பதித்தால்தான் அது புத்தகம். அப்படி நான் அட்டை போட்ட ஒரு பெட்டி புத்தகங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நஸ்ரின் அக்கா வீடு. அக்கா சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். சனி ஞாயிறுகளில் பஸ் பிடித்து வருவார். அகலப் பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்டு, வருஷக்கணக்காக ஜல்லியை மட்டும் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. விடுதியில் ஐந்தாறு பெண்களுக்கு ஜப்பானியக் காதல் சித்திரக்கதைகள் என்றால் பித்து. ‘மாங்கா’ என்பார்கள். அதுவரை மாங்காய் என்றால் மிளகாய்த்தூள் என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு இது புது உலகம். யாரிடமோ இரவல் வாங்கிய ஒரே ஒரு தொடரைத் தாள் தாளாகக் கழன்று வரும்வரை சுற்றுக்கு விட்டுப் படித்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் கடை வைத்திருந்த அக்காவின் வாப்பா லீவில் வந்தபோது, அங்கே ஒரு பழைய புத்தகக் கடையைக் காலி செய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் வந்த காதல் மாங்காக்களை ஒரு அட்டைப்பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். விமானத்தில் எடை ஜாஸ்தியாகிவிடும் என்று கோடாலித் தைலமும் சாக்லேட்டும் பாதியாகக் குறைக்கப்பட்டன. அக்காவின் உம்மா அந்தப் பெட்டியை மன்னிக்கவே இல்லை. “இதுல ஒரு புஸ்தகமாச்சும் யாராச்சும் படிக்கலன்னா பழைய பேப்பர்காரன்கிட்டதான் போடுவேன்” என்று வாப்பாவின் காதில் விழும்படியாகவே சொன்னார். அக்காவுக்கோ பரீட்சை நேரம். ஆகவே யாராவது முதலில் படித்து, எந்தத் தொடர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால், அதை மட்டும் விடுதிக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவாயிற்று. தெருவிலேயே இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் மேதை நான் ஒருவன்தான்.

“ஒயுங்கா படிச்சி, ஒயுங்கா எயுதுடா. ஒன்ன நம்பித்தான் அங்க ஆறு பேரு ஒக்காந்திருக்காளுங்க” என்றார் அக்கா.

அப்பா கண்ணில் பட்டால் முதுகுத் தோல் உரியும் என்பதால் முதல் வேலையாக எல்லாப் புத்தகங்களுக்கும் காக்கி அட்டை போட்டேன். நாம் எந்தப் பக்கம் புத்தகத்தைத் திறப்போமோ அந்தப் பக்கம் ‘அறிவியல்’, ‘சமூக அறிவியல்’ என்று லேபிள் ஒட்டினேன். உள்ளே ஏதோ பெரிய எழுத்தில் அச்சடித்திருந்த முதல் தாளை விளம்பரம் என்று நினைத்து அட்டையின் மடிப்போடு சேர்த்து அழுத்தி ஒட்டிவிட்டு, நிம்மதியாகப் படிக்கத் தொடங்கினேன்.

நிம்மதி அந்த நிமிஷத்தோடு போயிற்று. முதல் பக்கத்திலேயே பையனும் பெண்ணும் செர்ரி மரத்தடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சரி, நமக்கென்ன, நல்லா இருக்கட்டும் என்று மேலே போனால், அடுத்த பக்கம் அவன் தயங்கித் தயங்கிக் கையைப் பிடிக்கிறான். போன பக்கத்தில் கட்டிப்பிடித்தவனுக்கு இந்தப் பக்கத்தில் கையைப் பிடிக்க என்னய்யா தயக்கம்? அதற்கடுத்து அவள் அழுகிறாள், அழுது முடித்தபிறகு திட்டு வாங்குகிறாள். நனைந்து சொட்டச் சொட்ட வகுப்பில் வந்து உட்கார்ந்தபின் மழை பெய்கிறது. அவன் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே அவள் பதில் சொல்லிவிடுகிறாள். புத்தகம் முடியும்போது இருவரும் ரயில் நிலையத்தில் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்து, “உன் பெயர் என்ன?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதோடு கதை முடிகிறது! தலையில் அடித்துக்கொண்டு இரண்டாம் பாகத்தை எடுத்தால், அதன் முதல் பக்கத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அதே ஜோடி ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் சாப்பிடுகிறது.

பக்க எண்கள் ஏறாமல் இறங்கிக்கொண்டே வந்ததையும் கவனித்தேன். அவ்வளவு குருடன் இல்லை. அச்சகத்தில் தப்பு நடந்திருக்கிறது, அதனால்தான் கடைக்காரன் வாப்பா தலையில் கட்டியிருக்கிறான் என்று முடிவு செய்து வாப்பாவுக்காக இரக்கப்பட்டேன்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தையெல்லாம் மதிப்புரைகளில் கொட்டினேன். ‘ஜப்பான் நாட்டில் காதல் என்பது ஒருவகை மறதி நோய்’ என்று ஒன்று தொடங்கும். ‘இந்தக் கதாநாயகனுக்குப் போன பக்கம் நடந்தது இந்தப் பக்கம் நினைவில்லை, இவனை நம்பி ஒரு பெண் ஐந்து பாகம் வருவது அநியாயம்’ என்று இன்னொன்று. எந்தத் தொடரை எடுத்தாலும் கூடிக் களித்துத் தொடங்கி, முகம் தெரியாதவர்களாக முடிந்தார்கள். ஒவ்வொரு மதிப்புரையின் கடைசியிலும் ‘மனம் இளகியவர்கள் தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

விடுதிப் பெண்கள் தவிர்த்தார்கள். ஒரு வாரம் ஒரு தொடர், அடுத்த வாரம் இன்னொன்று என்று என் மதிப்புரைகள் மட்டும் சிதம்பரத்துக்குப் போயின, புத்தகங்கள் பெட்டியிலேயே கிடந்தன. கடைசியில் பொறுக்கமாட்டாமல், நானும் அம்மாவும் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனபோது விடுதி வாசலுக்கு என்னை வரவழைத்துவிட்டார்கள். அம்மா வளையல் கடையில் நிற்க, நான் புங்க மரத்தடியில் ஆறு அக்காக்களுக்கு நடுவில் நின்றேன். குறிஞ்சிப்பாடி மாலதி அக்காதான் வக்கீல்.

“ஏன்டா தம்பி, மொத்தப் பெட்டியிலயும் ஒருத்தனாச்சும் ஒருத்தியோட சேர்றானா இல்லியா?”

“ஆரம்பத்துல எல்லாருமே சேந்துதாங்கா இருக்காங்க. போகப்போகத்தான் மறந்துடுறாங்க.”

“இவனுக்கு என்ன வயசுடி? இப்பவே இவ்ளோ வெறுப்பு!”

“நான் என்னாக்கா பண்றது, அவன் எயுதி வச்சிருக்கான்” என்று ஜப்பான் மேல் பழியைப் போட்டேன். நஸ்ரின் அக்காவுக்கோ, வாப்பா சாக்லேட்டைக் குறைத்துச் சுமந்து வந்த பெட்டி முழுக்க அழுகைதானா என்று முகம் வாடிப்போயிற்று. அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும், உண்மையை உரக்கச் சொல்லும் விமர்சகன் இதற்கெல்லாம் கலங்கக்கூடாது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இனி அந்தப் புத்தகங்களை யாரும் படிக்கப்போவதில்லை என்று உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நோன்பு வருவதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். இடைஞ்சலாக இருந்தது அந்தப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கி வாசலில் வைத்து, பழைய பேப்பர்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டார். “அழுவுற கதையெல்லாம் எதுக்கு ஊட்டுல? இருக்குற அழுவ பத்தாதா?” வாப்பா அதற்குள் சிங்கப்பூர் திரும்பியிருந்தார். அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேப்பர்காரர் தெருமுனையில் வேறு வீட்டில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் துக்கம் விசாரிப்பவன்போல எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

வாப்பா சுமந்து வந்ததற்காகவாவது ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிடலாம் என்று அக்கா ஒரு புத்தகத்தை எடுத்தார். ஐந்து வயதிலிருந்து அரபி ஓதிப் பழகிய கை. அது தானாகவே புத்தகத்தைத் திருப்பி, நமக்குப் பின்பக்கமாகத் தெரியும் பக்கத்திலிருந்து திறந்தது. ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“டேய், இவன் இப்பதான்டா பேரே கேக்குறான்!”

“அது கடைசிப் பக்கம்க்கா.”

“இதுதான்டா மொதப் பக்கம்!”

மறுபக்கத்தில் நான் ஒட்டியிருந்த காக்கி அட்டையை நகத்தால் பிய்த்தார். மயில்துத்தம் போட்ட பசை லேசில் விடுமா. பாதி கிழிந்து பாதி வந்தது. நான் விளம்பரம் என்று நினைத்து ஒட்டிய தாளில், இது புத்தகத்தின் கடைசிப் பக்கம், தயவுசெய்து மறுபக்கத்திலிருந்து வலமிருந்து இடமாகப் படிக்கவும் என்று என்னைப் போன்றவர்களுக்காகவே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இன்னொரு புத்தகத்தைப் பிய்த்தார். அதிலும் அதே எச்சரிக்கை. எல்லாவற்றையும் நான் வரிசையாக, சுருக்கமில்லாமல், அழகாக ஒட்டியிருந்தேன்.

“இத சொல்லவே இல்லியேக்கா” என்றேன் ஈனஸ்வரத்தில்.

“இதப் போயி சொல்லுவாங்களாடா? புஸ்தகம்னா இப்புடித்தான் தொறக்கும்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்!” என்று அக்கா கத்தியதில், தராசோடு வந்த பேப்பர்காரர் வீட்டில் சண்டை என்று நினைத்து அப்படியே திரும்பிப் போனார். உம்மா வெளியே வந்து என்னவென்று கேட்டார். விஷயத்தைக் கேட்டதும், வாப்பா சிங்கப்பூர் போனதிலிருந்து சிரிக்காத உம்மா, சுண்ணாம்பு வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். பெட்டி உள்ளே போயிற்று. அடுத்த வாரமே மொத்தமும் சிதம்பரம் போனது. என் பதவியும் அன்றோடு போனது. எத்தனை கெஞ்சியும் அக்கா அதன்பிறகு ஒரு புத்தகத்தைக்கூட என் கையில் தரவில்லை.

போன மாதம் சிதம்பரம் போயிருந்தேன். விடுதி வாசலில் புங்க மரம் இல்லை, சுவர்தான் இருக்கிறது. புத்தகத்துக்கு அட்டை போடுபவர்கள்கூடப் பளபளவென்று பிளாஸ்டிக்கில் மாட்டிவிடுகிறார்கள். காதல் கதைகளோ கைப்பேசியில் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன; தப்பாகப் படித்துத் தொலைக்கக்கூட இப்போது வழியில்லை. ஆறுதலுக்காக, அன்று நான் கெடுத்த தொடர்களில் ஒன்றைத் தேடிப்பிடித்து, இம்முறை ஒழுங்காக வலமிருந்து இடமாகப் படித்தேன். உண்மையிலேயே நல்ல கதை. இத்தனை வருஷக் கடனைத் தீர்ப்பதாக நினைத்து, கடைசிப் பக்கத்துச் செர்ரி மரம் வரைக்கும் விளக்கி நீளமாக ஒரு மதிப்புரை எழுதி, இப்போது துபாயில் இருக்கும் நஸ்ரின் அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: “முடிவ சொல்லாதடா, நான் இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்த அந்தப் பெட்டிய என் பொண்ணு இப்பதான் தொறந்திருக்கா.”