முத்திரைக்கு மேலே ஒரு வெற்றிடம்

திருவண்ணாமலை நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த நோட்டரி வக்கீல் நசீர் அகமதுவை நல்லவர் என்று சொல்ல நான் யோசிப்பேன். சந்தேகக்காரர் என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம்.

எந்தக் காகிதத்தையும் அவர் முதலில் படிப்பதில்லை. திருப்பிப் போட்டு, கையெழுத்து இருக்கும் இடத்தைப் பின்பக்கம் கட்டைவிரலால் தடவுவார். பேனா அழுந்திய தடம் விரலில் தட்ட வேண்டும். 1991இல், கையெழுத்தும் ஜெராக்ஸாகவே இருந்த ஒரு நகலில் வாசகம் எதுவும் எழுதாமல் முத்திரை மட்டும் வைத்துக் கொடுத்தார். மேலே இருந்த வெற்றிடத்தில் 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று யாரோ டைப் அடித்துக்கொண்டார்கள். நாலு வருஷம் கோர்ட்டில் பதில் சொன்னார். அதன் பிறகு வந்த பழக்கம் இது.

2006இல் கீழ்பென்னாத்தூர் காசி ஒரு பவர் பத்திரத்தோடு வந்தான். நசீர் தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது.

"கையெழுத்து எங்கப்பா?"

"இதோ இருக்குதே பாய், நீலமா."

"இது அச்சு."

"இமெயில்ல வந்துச்சு. தங்கச்சி உண்ணாமலை சிங்கப்பூர்ல இருக்குது. கீழ சும்மாதான் கெடக்குது, நாலு வரி நீங்களே எழுதி சீல் வைங்க."

"என்ன எழுத? உன் தங்கச்சி என் எதிர்ல உக்காந்து போட்டாள்னா?"

"ஒரு சீலுக்கு என்னா ராவடி பாய்! இவ்ளோ சந்தேகமா?"

"ஜாஸ்திதான். போன் போடு."

காசி உடனே போட்டுக் கொடுத்தான். அந்த வேகமே நசீருக்கு உறுத்தியது.

"நான்தான் அனுப்பிச்சேன் சார்" என்றாள் உண்ணாமலை.

"காகிதத்தை அனுப்பினியாம்மா, கையெழுத்தை மட்டுமா?"

"வெள்ளத்தாள்ல போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிச்சேன். மோட்டாருக்குக் கரண்ட் வாங்கணும், மத்தத டைப் பண்ணிக்கறேன்னு அண்ணன் சொல்லிச்சு."

நசீர் பத்திரத்தை வாசித்தார். "என் பாகத்து நிலத்தை விற்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்..."

"சார், சீல் வச்சிடாதீங்க! சார்..."

காசி போனைப் பிடுங்கினான். "ஊர்ல நோட்டரி நீங்க ஒருத்தர்தானா?" என்று காகிதத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். நசீர் தடுக்கவில்லை. அது தன் வேலையில்லை என்றார். அவரைப் பாராட்ட நான் தயங்குவது இந்த இடத்தில்தான்.

காசி வேறு நோட்டரியைத் தேடி முடிப்பதற்குள், ஆறாம் நாள் உண்ணாமலை லீவு போட்டு வந்துவிட்டாள். அண்ணனுக்கு எந்த அதிகாரமும் தரவில்லை என்ற உறுதிமொழியைப் படித்து, நசீர் கண்முன்னே பேனாவால் கையெழுத்திட்டாள். பதிவு அலுவலகத்தில் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். வாசகத்தை நசீர் கையாலேயே எழுதினார். முத்திரையை எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டுத் தாளைத் திருப்பித் தடவினார்.

"நான் போட்டத நீங்கதானே சார் பாத்தீங்க?"

"பாத்தேன்" என்றார். இன்னொரு முறை தடவிவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.