பிரேக் மட்டும்

என் அண்ணனுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். சக்கர நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து பிரேக் பூட்டுவது ஒன்றுதான் அவன் வேலை. அதனால் தெருவிலும் அவன் பெயர் ‘பிரேக்கு’ என்றே ஆகிவிட்டது. வீட்டுக் குழாய் ஒழுகினால், “ஊருக்கெல்லாம் பிரேக் போடுறவருக்கு இதுக்கு ஒண்ணு போடத் தெரியல” என்பாள் அண்ணி.

நீளமான பெஞ்சில் ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் சக்கரம் மாட்டுவார், அடுத்தவர் சீட்டுத் துணி இழுத்துக் கட்டுவார். பிறகு அண்ணன் பிரேக்கைப் பூட்டி, நெம்புகோலை ஒரு முறை இழுத்து, ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுவான். அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேன். “ஆள்தான்” என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அந்த பெஞ்சில் ஒரு வழக்கம். அடுத்தவர் ஸ்பானரை யாரும் தொடக் கூடாது. ஒருவர் டீ குடிக்கப் போய் அவர் வேலை மலையாய்க் குவிந்தாலும் காத்திருப்பார்களே தவிர கை வைக்க மாட்டார்கள். கை வைத்தால், நீ இல்லாமலே இங்கே எல்லாம் நடக்கும் என்று சொன்ன மாதிரியாம். ஒரு முறை சக்கரக்காரர் அவசரத்துக்கு ஒரு பிரேக்கை இறுக்கிவிட்டார். அதற்காக இரண்டு பேரும் மழைக்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. நல்ல ரோஷம்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். எங்களைவிட வயதில் சின்னப் பெண். எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினாராம். விருப்பம் உள்ளவர்கள் இனிமேல் ஒரு நாற்காலியை முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட் வரை தாங்களே செய்யலாம். தெரியாததைக் கற்றுத் தருவோம். செய்தவரே சரிபார்க்க வேண்டும், சூப்பர்வைசர் முத்திரை கிடையாது. செய்தவரே வீட்டுக்குக் கொண்டுபோய், உட்காருகிறவரின் உடம்புக்குத் தக்கபடி திருத்திக் கொடுக்க வேண்டும். குறை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

யாரும் கேட்காமலே என் அண்ணன் எழுந்து நின்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

“அடுத்தவங்க ஸ்பானர்ல கை வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சது பிரேக். அது போதும்.”

பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. பக்கத்தில் சீட்டுத் துணி கட்டுகிற அம்மா மட்டும் கையைத் தூக்கினாள். அவளைத் தனி ஷெட்டுக்கு அனுப்பினார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறாள் என்றார்கள் பெஞ்சுக்காரர்கள். நம் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறாள் என்றான் அண்ணன். யார் பிழைப்பும் போகவில்லை.

ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று வீட்டில் கேட்டேன். “இந்த வயசுல ஒண்ணும் தெரியாதவனாப் போய் நிக்கணுமா? பிரேக்னா நான்தான்னு ஒரு பேரு இருக்கு” என்றான். எனக்கு வந்த கோபத்தில் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் கேட் அருகே சீட்டுக்காரம்மா தான் போன வீடுகளைப் பற்றிச் சொல்லுவாளாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நேரே ஜன்னலுக்குப் போகச் சொன்ன பெரியவர், புது சக்கரத்தைத் தடவிக்கொண்டே தூங்கிப்போன குழந்தை. அண்ணன் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பான். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லுவான். மேனேஜர் மறுபடியும் அவனைக் கேட்டார். அவனுக்கு ஆசைதான், எனக்குத் தெரியும். ஆனால் அவன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்த பெஞ்சு முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்ன சொல்லை எப்படி மாற்றுவான்? வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு யாரும் அவனைக் கேட்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து அண்ணிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அவன் வேலை செய்கிற இடத்திலிருந்தே நாற்காலி வந்தது. கொண்டுவந்தவள் அந்த சீட்டுக்காரம்மா. முன்பே ஒரு நாள் வந்து அண்ணியின் இடுப்பையும் முழங்காலையும் அளந்துகொண்டு போயிருந்தாள். இடது கை சரிந்து விழும் என்று அந்தப் பக்கக் கைப்பிடியை உயர்த்தி மெத்தை வைத்திருந்தாள். அதிகம் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டாள். சமையலறை வாசலில் என்றாள் அண்ணி. உடனே அங்கே தள்ளிப் பார்த்து, நிலையில் இடிக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அண்ணன் கையில் ஒரு ஸ்பானரோடு சுவர் ஓரமாக நின்றான்.

அண்ணி எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. “ஏங்க, கால் வைக்கிற பலகையக் கொஞ்சம் தூக்கி விடுங்களேன்” என்றாள்.

அவன் குனிந்தான். எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கி சீட்டுக்காரம்மாவைப் பார்த்தான். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அவள் பலகையை உயர்த்திவிட்டு, “அண்ணே, பிரேக்கை மட்டும் நீங்க பாருங்க” என்றாள்.

அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இறுகியிருந்தது. அவனுக்குத் தெரியாதா? இருந்தும் கழற்றி மறுபடி பூட்டி, நெம்புகோலை இழுத்தான். ‘டக்’.

அவள் போன பிறகு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவன் அந்த மெத்தை வைத்த கைப்பிடியையே தடவிக்கொண்டிருந்தான்.

“இதை நான் செஞ்சிருக்கணும். உனக்கு நான் செஞ்சிருக்கணும்” என்றான் அண்ணியிடம்.

அண்ணியின் பேச்சு அப்போது குழறும். “பிரேக் நல்லாப் பிடிக்குது” என்றாள் மெதுவாக. பிறகு வெளியே கூட்டிப் போகச் சொன்னாள்.

அவன் தள்ளினான், நகரவில்லை. பிரேக்கை எடுத்துவிட மறந்திருந்தான். எடுத்துவிட்டு வாசல்படி வரை வந்து, இறக்கத் தெரியாமல் நின்றான். நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகப் பெரிய சக்கரத்தை முதலில் இறக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதாக அண்ணி சொல்லிக் கொடுத்தாள். அவள் சொன்னபடியே செய்தான். இத்தனை வருஷம் நாற்காலி செய்தவன், ஒன்றைத் தள்ளிப் பார்த்தது அன்றைக்குத்தான்.