ஒரு ஸ்டேஜ் முன்னால் இறங்கியது

பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று காலையில் மாமா ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வெளியே தெரிந்தது பழையது. உள்ளே இருந்தது சலவைச் சட்டை. திருப்பதியில் இறங்கியதும் பழையதைக் கழற்றிவிட்டால் புழுதி படாத மாப்பிள்ளை தயார். மாற்றுச் சட்டைக்கென்று ஒரு பை தூக்க வேண்டாம். பை இல்லாவிட்டால் கண்டக்டர் லக்கேஜ் என்று வாயைத் திறக்க முடியாது.

மாமா என் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பிச்சாட்டூரில் ஒரு வேர்க்கடலை மண்டியில் வேலை. மாதிரிக் கடலையைச் சின்னப் பைகளில் கட்டிக்கொண்டு சித்தூர், திருப்பதி, அரக்கோணம் என்று எண்ணெய் மில்களுக்குக் காட்டிவிட்டு வருவார். வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸிலோ ரயிலிலோதான் அவர் வாழ்க்கை. வழிச்செலவில் மிச்சம் பிடித்தது அவருக்கு என்பதால் பிரயாணத்தை ஒரு சாஸ்திரமாகவே கற்று வைத்திருந்தார். காலையில் புத்தூர் போகிற பஸ்ஸில் இடது பக்கம் உட்கார வேண்டும், வலது பக்கம் வெயில். கூட்டமான ரயிலில், மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்குவார். கூஜாவில் தண்ணீர், இலையில் புளிச்சோறு இருந்தால் வழியில் எந்தக் கடையும் கண்ணில் படாது. ஆனால் டிக்கெட் வாங்காமல் ஒரு ஸ்டேஷன்கூட அவர் போனதில்லை. ஏமாற்றுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்கக்கூடாது என்பார்.

அப்போது சத்தியவேட்டுப் பக்கத்து எங்கள் கிராமம் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவாகவில்லை. என் அப்பா, நைனா, அந்தக் காலத்தில் வயலில் இருந்ததைவிட எல்லைக் கூட்டங்களில் இருந்ததுதான் அதிகம். மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். திருப்பதிப் பெண்ணும் அப்படி ஒரு கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த சிநேகிதரின் தங்கைதான். சுத்தத் தமிழ்க் குடும்பம் என்று நைனா இரண்டு தரம் சொன்னார். அன்றைக்கும் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. எனவே அம்மா, மாமா, நான் மூன்று பேரும் புறப்பட்டோம்.

எனக்கு ஒன்பது வயது. பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. புத்தூரில் ரயில் ஏறப்போகிறோம் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. அதுவரை நான் ரயிலில் போனதே இல்லை.

பஸ்ஸில் மாமா புத்தூருக்கு டிக்கெட் கேட்கவில்லை. அதற்கு முந்தின ஸ்டேஜான நாராயணவனத்துக்குத்தான் கேட்டார்.

"இன்னாடா, இன்னும் ரெண்டு மைலு கீதே," என்றாள் அம்மா.

"நடந்துடலாம்கா. மூணு பேருக்கும் சேத்தா எவ்ளோ மிச்சம் பாரு. நல்ல காரியத்துக்குப் போறோம், கல்யாணப் பெருமாளையும் சேவிச்சிட்டுப் போலாம்."

சுவாமிக்கே கல்யாணம் நடந்த ஊர் என்று பெயர் பெற்ற கோயிலை அம்மாவால் மறுக்க முடியவில்லை. சேவித்துவிட்டுப் புத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். ஒரு பூந்தோட்டத்தின் பக்கம் வந்ததும் மாமா நின்றார். தெரிந்தவர்கள் வீடு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றார். கூஜா நிறையத் தண்ணீர் என் கையில்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா படலைத் திறந்துவிட்டார்.

தோட்டத்துக்கு நடுவில் கூரை வீடு. ஒரு பெரியவரும் அவர் மகளும் ஈரச்சாக்கின் மேல் கனகாம்பரத்தைக் கொட்டி, கூடைக்கு அளந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பதிக்குப் பூ கொண்டுபோய் விற்கிறவர்கள். வீட்டில் தெலுங்குதான் பேசினார்கள். எங்களைப் பார்த்ததும் அந்த அக்கா, "ரண்டி, ரண்டி, வாங்க," என்று இரண்டு பாஷையிலும் கூப்பிட்டாள். வந்தவர்கள் யார் என்று விசாரிக்கவே இல்லை. மோர் கொண்டுவந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் உப்புப் போட்ட மோர். மாமாவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனிச் சொம்பில் வந்தது.

"புத்தூர் வரைக்கும் ஏன் டிக்கெட் எடுக்கல?" என்று மாமாவைக் கேட்டாள்.

"ஒரு ஸ்டேஜ் முன்னாடியே இறங்கிட்டா மிச்சம் இல்லியா?" என்றார் மாமா, பெருமையாக.

"மிச்சமா? நடந்தா செருப்பு தேயாதா? மூணு மாசத்துக்கு ஒரு செருப்பு வாங்கறவங்க இதப் பேசலாமா? எங்க பூ வண்டி தெனமும் புத்தூருக்குக் காலி எடத்தோட போவுது. கேட்டா ஏத்திக்க மாட்டமா?"

மாமாவை மடக்கி ஒருவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார். அவள் அதோடு விடவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"திருப்பதி போறதுன்னா கடைசிப் பெட்டியில ஏறுங்கக்கா. இறங்கினா ஸ்டேஷன் கேட்டு பக்கத்துலயே. ஜட்கா வேணாம். உங்க தம்பியும் அதுலதான் வருவாரு."

அம்மா மோரைக் கீழே வைத்தாள். "என் தம்பி எந்தப் பெட்டியில வருவான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்த அக்கா அளந்து வைத்த கூடையையே மறுபடி அளக்க ஆரம்பித்தாள். பெரியவர் மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார். மாமா அந்தக் குளிர்ந்த காலையில் வியர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சட்டை போட்டால் வியர்க்காமல் என்ன செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். கேழ்வரகு சங்கட்டியும் கடலைச் சட்னியும். எங்கள் வீட்டில் அதற்குக் களி என்று பெயர். சட்னி எங்கள் வீட்டுச் சட்னியைவிட நன்றாக இருந்தது. அம்மாவே இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மாமாவிடம் மூன்று முறை சொன்னேன். ரயில் நேரம் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவர், "இன்னும் நேரம் கீது பாப்பா," என்று மூன்று முறையும் சொன்னார்.

நான் நான்காம் முறை சொல்ல வந்தபோது தூரத்தில் ஊதல் கேட்டது.

அழுதேன். சட்னிக் கையோடு கண்ணைத் துடைத்ததில் காரம் பட்டு இன்னும் அழுதேன். அந்த அக்கா என் கண்ணைக் கழுவிவிட்டு, ஒரு முழம் கனகாம்பரத்தைத் தலையில் வைத்தாள். திருப்பதிக்காரர்கள் நடுப்பகலுக்குள் வரச் சொல்லியிருந்தார்கள்; இனிப் போய்ப் பயனில்லை. அம்மா மாமாவைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ, "கொழந்த ரயிலு ரயிலுன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. ரயில் ஏத்தாம கூட்டிக்கினு போவக்கூடாது," என்றாள்.

பெரியவர் வண்டி பூட்டினார். பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து புத்தூர் போனோம். ஸ்டேஷனில் மாமா செய்த காரியத்தை மண்டியில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அரக்கோணம் பக்கம் போகிற வண்டிக்கு, ஏகாம்பரகுப்பம் வரை போய்த் திரும்ப, மூன்று முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் வாங்கினார். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்றாவது முழு டிக்கெட் அந்த அக்காவுக்கு. பேச்சுத்துணைக்கு அம்மாதான் அவளைக் கூப்பிட்டாள். பெரியவர் மாடுகளைச் சாக்கு சொல்லி ஸ்டேஷன் வாசலிலேயே இருந்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. மலைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. கரித்தூள் கண்ணில் விழுந்தும் நான் ஜன்னலை விடவில்லை. ஸ்டேஷனில் வாங்கிய சூடான வடையைப் பாதி தின்றுவிட்டு, மீதியைக் காற்றில் பறிகொடுத்தேன். மாமா கதவருகே நின்று, ஊர் வருவதற்கு முன்பே ஊரின் பெயரைச் சொன்னார். எதிர் சீட்டில் அம்மாவும் அந்த அக்காவும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்கள். தெலுங்கு தெரியாது என்று வீட்டில் சொல்லிக்கொள்கிற அம்மா, சந்தைத் தெலுங்கில் என்னென்னவோ கேட்டாள். நடுவில் இருவரும் மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ரயிலைத் தவறவிட்டதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு மாமாமேல் பரிதாபமாக இருந்தது.

சாயங்காலப் பஸ்ஸில் மாமா மெதுவாக, "அத்தான் இன்னா சொல்வாரோ," என்றார்.

"எல்லைய அவரு பாத்துக்கட்டும். வீட்டுக்கு யாரு வரணும்னு நான் பாத்துக்கறேன்," என்றாள் அம்மா.

அம்மா எப்படிச் சொன்னாளோ, நைனா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தை மாதம் நாராயணவனத்திலேயே கல்யாணம் நடந்தது. பின்னால் எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்தபோது, தாலுகா ஆபீஸிலிருந்து தெலுங்கில் வந்த காகிதங்களை நைனாவுக்குப் படித்துச் சொன்னது எனக்கு அத்தையாகிவிட்ட அந்த அக்காதான்.

ஆனால் அன்று பஸ்ஸில் எனக்கு இதொன்றும் தெரியாது. திருப்பதியில் வளையல் வாங்க நைனா கொடுத்த காசு பாவாடை முனையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"அடுத்த வாரம் நீ மட்டும் போய்ப் பொண்ணப் பாத்துட்டு வா மாமா."

மாமா காசைத் திரும்ப என் பாவாடையிலேயே முடிந்தார். "அவ்ளோ தூரம் போவ வேணாம் பாப்பா. நாராயணவனம் டிக்கெட்டே போதும்."

கல்யாணத்துக்குக்கூட ஒரு ஸ்டேஜ் முன்னால் இறங்குகிறேன் என்கிறவருக்கு யார்தான் பெண் கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டே அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.